அக்கினி மூலையிலை ஒரு காஸ் தாங்கி

குறை நினையாதையும் தம்பி, நான் ஒட்டுக் கேக்கேல்லை. பஸ்ஸிலை முன்சீற்றிலை இருந்து தமிழிலை போன் கதைச்சால், பின்சீற்றிலை இருக்கிற தமிழனுக்குக் கேக்காமல் விடுமே? புது வீடு கட்டுறீர் எண்டு விளங்கினது. நல்ல விசயம். காஸ் குழாய் வராத இடம், அதாலை வீட்டுக்குச் சூடு என்னத்தாலை பூட்டுறது எண்டு யோசினை எண்டும் விளங்கினது. அதுவும் பறவாயில்லை. கடைசியாய் ஒண்டு சொன்னீர் பாரும், "மனுசியையும் ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" எண்டு. அதிலைதான் எனக்குப் பொறுக்கேலாமல் போச்சுது. எழும்பி வந்து உமக்குப் பக்கத்திலை இருந்திட்டன்.

கேக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. குசினிக்கு என்ன நிறம் அடிக்கிறது, யன்னலுக்கு என்ன சீலை போடுறது, அதுகளைக் கேளும். சூடு எண்டது வேறை. அதுக்கு விசயம் தெரிஞ்ச ஆக்களைக் கேக்கவேணும். நான் ஆரைக் கேக்கேல்லை? ஒஸ்லோவிலை இருக்கிற என்ரை கூட்டாளி ரத்தினத்தைக் கேட்டனான். எங்கடை பள்ளிக்கூட வாட்ஸப் குழுவிலை நூற்றிப் பதினாலு பேர், அவ்வளவு பேரையும் கேட்டனான். கோயில் ஐயரைக் கேட்டனான். ஊரிலை மனையடி சாத்திரம் பாக்கிற சாத்திரியாரைப் போனிலை பிடிச்சுக் கேட்டனான். காஸ் கொம்பனிக்காரனைக் கேட்டனான். இவ்வளவு பேரையும் கேட்டாப் பிறகு வேறை ஆரைக் கேக்கக் கிடக்கு?

என்ரை பேர் பரராசசிங்கம். பரா அண்ணை எண்டால் ஸ்காபறோவிலை அரைவாசிப் பேருக்குத் தெரியும். முப்பத்தொரு வருசம் அங்கைதான் இருந்தனாங்கள். பிள்ளையள் ரெண்டும் தங்கடை பாட்டிலை போன பிறகு, லின்ட்சே எண்ட சின்னப் பட்டினத்துக்கு அங்காலை ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினன். ஆவணியிலை குடிபூந்தது. சூட்டுக்கு, தாங்கியிலை வாங்கி நிரப்பிற புரொப்பேன் காஸ். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுறன், நீரும் புரொப்பேனைப் போடும்.

சும்மா சொல்லேல்லை, ஆறு மாசம் படிச்சனான். எண்ணெய் போட்டால் வீடு கராச் மாதிரி மணக்கும். கரண்ட் சூடெண்டால், அந்தப் பக்கம் ஒரு காத்துக்கு மரம் முறிஞ்சு விழ லைற்றும் நிண்டிடும், சூடும் நிண்டிடும். விறகு எண்டு ஒருத்தன் சொன்னான். கனடாவுக்கு வந்து முப்பது வருசத்துக்குப் பிறகு கோடாலி தூக்கவோ? ரத்தினம் ஹீற் பம்ப் எண்டு ஒண்டு சொன்னான். வெளியிலை வீசுற குளிர்காத்திலையிருந்து சூட்டை எடுத்து உள்ளுக்கு விடுமாம். கல்லிலை நார் உரிக்கிற வேலை. நோர்வேயிலை எல்லாரும் அதுதானாம். நோர்வேயிலை சனம் பச்சை மீனும் தின்னுது, நாங்கள் தின்னுறமே?

உதெல்லாத்தையும் விடும். தலைவிசயம் என்னெண்டால் பால். குடிபூரலுக்குப் பால் காய்ச்சவேணுமெல்லே? பொங்கி வழியவேணுமெல்லே? அது நெருப்பிலை பொங்கவேணும். ரத்தினம் ஒஸ்லோவிலை குடிபூரேக்கை நான் போனனான். கண்ணாடித் தட்டு ஒண்டிலை சட்டியை வைச்சு ஒரு பொத்தானை அமத்தினாங்கள். பால் பொங்கினதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. நெருப்பு எங்கை? அக்கினி பகவான் வந்து எங்கை இருக்கிறது, பொத்தானுக்குள்ளையோ? அடுத்த வருசமே ரத்தினத்தின்ரை மகள் ஒரு நோர்வேக்காரனைக் கட்டிக்கொண்டு போட்டாள். நான் அவனுக்கு ஒண்டும் சொல்லேல்லை. சொல்லி என்ன.

அப்ப நான் என்ன யோசிச்சன் எண்டால், பாலுக்கு நெருப்பு வேணும், நெருப்பெண்டால் அடுப்புக்குக் காஸ் வேணும், அடுப்புக்குக் காஸ் வாறதெண்டால் வீட்டுச் சூட்டுக்கும் அதே காஸ். ஒரே தாங்கி. இதுக்குப் பேர்தான் திட்டம். என்ரை மனுசி நகுலா என்ன சொன்னா தெரியுமே? சுற்றுலாவுக்குக் கொண்டு போற சின்னக் காஸ் அடுப்பு கடையிலை விக்குதாம், அதிலை பாலைக் காய்ச்சிப்போட்டு விடலாமாம், ஒரு நாளைக்குத்தானேயாம். ஒரு நாளைக்குத்தானேயாம். உம்மடை மனுசியும் உப்பிடித்தான் ஏதும் சொல்லுவா. அதுக்காகத்தான் இவ்வளவும் சொல்லுறன்.

நகுலாவிலை குற்றமில்லை. பாவம், இந்த விசயங்கள் விளங்காது. மரக்கறி வெட்டிப் பையிலை அடைக்கிற தொழிற்சாலையிலை பத்தொன்பது வருசம் நிண்டவ. உள்ளுக்கு எப்பவும் நாலு பாகைக் குளிர். கீரை வாடக்கூடாதெல்லே. கீரை வாடேல்லை. இவவின்ரை கைவிரல்தான் முடிச்சு முடிச்சாய் வீங்கி, டொக்ரர் வேலையை விடச் சொல்லிப்போட்டார். எந்த நேரமும் குளிருது குளிருது எண்ட கதைதான். ஆடி மாசத்திலையும் காலுறை போடுற ஆள். "கனடாவிலை குளிராமல் பின்னை வேர்க்குமோ?" எண்டு நான் பகிடியாய்க் கேப்பன். சிரிக்கமாட்டா. அவவுக்குப் பகிடி விளங்காது.

அவவோடை வேலை செய்த ஒரு போத்துக்கீசப் பொம்பிளை ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு எங்களைக் கூப்பிட்டது. வாசலிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குக் கால் வைச்ச நகுலா அப்பிடியே நிண்டிட்டா. என்னெண்டால் நிலம் சூடு. கொங்கிறீற்றுக்குள்ளை குழாயைப் புதைச்சுச் சுடுதண்ணி ஓடவிட்டிருக்கினம். இவ என்ன செய்தா? காலுறையையும் கழட்டிப்போட்டு வெறுங்காலோடை அந்த வீடு முழுக்க நடக்கிறா. எனக்கெண்டால் வெக்கம். திரும்பி வரேக்கை காரிலை சொல்லுறா, "நாங்கள் வீடு கட்டினால் இப்பிடி ஒரு நிலம் போட்டாக் காணும், எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" எண்டு. நான் கேட்டன், கீழையிருந்து சூடு காட்ட நாங்கள் என்ன தோசையோ எண்டு. அந்தப் பகிடியை நான் பிறகு எத்தினையோ இடத்திலை சொல்லியிருக்கிறன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

சரி, காஸ் கொம்பனியிலையிருந்து பிறையன் எண்டு ஒரு வெள்ளைக்காரப் பெடியன் காணி பாக்க வந்தான். நல்ல பெடியன், கதைதான் கொஞ்சம் கூட. புரொப்பேன் போடுறதெண்டால் நிலத்துக்குக் கீழை குழாய் விடுறது வலு சுகம் எண்டு அவனாத் தொடங்கினான். கொங்கிறீற் கொட்ட முதல் செய்யவேணும், கொட்டினாப் பிறகு ஒண்டும் செய்யேலாது எண்டும் சொன்னான். மற்ற வழி, முகட்டுக்குள்ளாலை காத்துக்குழாய் விட்டு மேலையிருந்து சூட்டுக் காத்தை ஊதுறது. அதைப் போட்டால் காசு மிச்சம் பிடிச்சு, விறாந்தையிலை, வாற சனம் இருக்கிற இடத்திலை, கண்ணாடி வைச்ச ஒரு பெரிய நெருப்படுப்பும் வைக்கலாம். ரெண்டிலை ஒண்டு. அவன் என்னைக் கேக்கிறான், உங்கடை மனுசி என்ன சொல்லுறா எண்டு. பக்கத்திலைதான் நிண்டவ. அவவுக்கு எல்லாம் சம்மதம் எண்டு நான் இங்கிலீசிலை சொன்னன். அவ தமிழிலை மெல்லமாய், "அந்தப் பெடியன் சொல்லுறது நல்லாத்தானே கிடக்கு" எண்டா. ஒரு அலுவல் கதைக்கேக்கை இடையிலை பூந்தால் எப்பிடித் தம்பி முடிவெடுக்கிறது?

நெருப்படுப்பைத்தான் எடுத்தன். நீரே சொல்லும், வீட்டுக்கு நாலு சனம் வந்தால் எரியிற நெருப்பைப் பாக்குமோ, குனிஞ்சு நிலத்தைத் தடவிப் பாக்குமோ?

அடுத்த கிழமை கொங்கிறீற் கொட்டினாங்கள். நகுலா தானும் வாறன் எண்டு வந்தா. கம்பளிச் சால்வையைச் சுத்திக்கொண்டு, கொட்டித் தடவி முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டா. கொங்கிறீற் கொட்டுறதிலை பாக்க என்ன கிடக்கு? வா போவம் எண்டு மூண்டுதரம் கூப்பிட்டன்.

இனித்தான் மனையடி சாத்திரம். இதைக் கவனமாய்க் கேளும், உமக்கு உதவும். தென்கிழக்கு மூலை அக்கினி மூலை. குசினி அதிலைதான் வரவேணும். அது ஆருக்கும் தெரியும். ஆனால் காஸ் தாங்கி எங்கை வைக்கிறது? பழைய ஏடுகளிலை புரொப்பேனைப் பற்றி ஒண்டும் இல்லைத்தானே. சாத்திரியார் தாங்கியெண்டால் என்னெண்டு முதல் கேட்டார். பிறகு, உள்ளுக்கு இருக்கிறது என்ன, நெருப்பு. நெருப்பு எந்த மூலை, தென்கிழக்கு. அங்கையே வையும் எண்டார். எவ்வளவு தெளிவு பாரும். கனடாவைக் கண்ணாலை காணாத மனுசன்.

பிறையன் வந்து பாத்துப்போட்டுத் தலையிலை கைவைச்சான். தாங்கிக்குக் கிட்ட யன்னல் இருக்கக்கூடாதாம், சட்டமாம். தென்கிழக்கிலை குசினி யன்னல். தாங்கியை அங்காலை தள்ளுவம் எண்டால் கழிவுக்குழி. வடக்குப் பக்கம் வைச்சால் ஒரு கரைச்சலும் இல்லை, றோட்டுக்குக் கிட்ட, லொறி வந்து நிக்கச் சுகம், யன்னலும் இல்லை எண்டான். வடக்கு குபேரன்ரை திசையடா, அதிலை கொண்டுபோய் நெருப்பை வைச்சால் குடும்பம் என்னத்துக்காகும் எண்டு அவனுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது? அப்ப நான் என்ன செய்தன்? யன்னலை அடைச்சன். சுவராய்க் கட்டச் சொல்லிப்போட்டன். அலுவல் முடிஞ்சுது.

நகுலா அந்த யன்னலைப் பற்றி முதல் ஏதோ சொல்லிக்கொண்டு திரிஞ்சவதான். காலமை வெயில் அதுக்குள்ளாலைதான் வரும், சமைக்கேக்கை முதுகிலை படும் எண்டு. நல்ல வெளிச்சமான லைற் ஒண்டு பூட்டிக் குடுத்தன். வெயிலை விட வெளிச்சம்.

குடிபூரலைப் பாக்கவேணும் தம்பி. எண்பது பேர். ஐயர் வந்து, நல்ல நேரம் பாத்து, புது அடுப்பிலை நீல நெருப்பு எரிய, பால் அப்பிடிப் பொங்கி நாலு பக்கமும் வழிஞ்சுது. வழிஞ்ச வழியிலை நெருப்பு நூந்து அடுப்பு ரெண்டு நாள் பத்தேல்லை, அது வேறை கதை. சகுனம் முக்கியம். ஆவணி வெக்கையிலையும் விறாந்தை நெருப்பைப் போட்டுக் காட்டினன். ஒவ்வொருத்தரும் அதுக்கு முன்னாலை நிண்டு படம் எடுத்தவை. இவவின்ரை தங்கச்சி வதனியும் புருசன் தவநேசனும் வந்தவை. வதனி பாத்துப்போட்டு, "ஏன் அக்கா உள்ளுக்கை யன்னல் இல்லாமல் நிக்கிறாய்?" எண்டு கேட்டாள். அவளுக்கு எப்பவும் குறை பிடிக்கிற வாய்.

குளிர் தொடங்கிச்சுது. நல்லாத்தான் சூடு வந்தது. சுவரிலை கிடக்கிற மீற்றர் இருபத்திரண்டு பாகை காட்டும். மனுசி சொல்லுறா, தலை வேகுதாம், கால் விறைக்குதாம். சூடு மேலை நிக்குது, கீழை இறங்குதில்லை எண்டா. இருபத்திரண்டு எண்டால் இருபத்திரண்டுதானே, அதிலை மேலென்ன கீழென்ன? மீற்றரடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன்.  ரெண்டு காலுறை, அதுக்கு மேலை செருப்பு, அதோடை நிண்டு சமைச்சா. நான் பாத்துக்கொண்டு சும்மா இருக்கேல்லை. பிறந்தநாளுக்குப் பற்றரி போட்ட காலுறை ஒண்டு வாங்கிக் குடுத்தன். சூடேறும். ஒருக்காலும் போடேல்லை. எப்பிடி வாங்கிக் குடுத்தாலும் சில ஆக்களுக்குத் திருப்தி இல்லை.

காஸ் கொம்பனிக்காரர் தாங்களா வந்து தாங்கியை நிரப்பிற ஒரு திட்டம் வைச்சிருக்கினம். நான் வேண்டாமெண்டிட்டன். தாங்கியிலை ஒரு முள்ளு இருக்கு, எவ்வளவு மிச்சம் எண்டு காட்டும். அதைப் பாத்து வேண்டிய நேரம் நான் கூப்பிடுவன். நகுலா ஒருநாள் அதைப் பாக்கப் பழக்கிவிடுங்கோ எண்டு கேட்டா. உமக்கேன் அந்தத் தலையிடி எண்டிட்டன். ஒரு பொம்பிளையைக் கஷ்டப்படுத்தக்கூடாதெல்லே.

தை மாசம் எங்கடை பள்ளிக்கூடப் பழைய மாணவரின்ரை பொங்கல் விருந்து, ஸ்காபறோவிலை. வீடு கட்டிற ஆக்களுக்கு ஆலோசனை எண்டு எனக்குப் பத்து நிமிசம் மேடையிலை ஒதுக்கியிருந்தவை. சூடு பற்றித்தான். நகுலாவும் வெளிக்கிட்டவ, தங்கச்சியையும் பாக்கலாம் எண்டு. ஆனால் முள்ளு இறங்கிப் போச்சு. லொறிக்குச் சொன்னன், வெள்ளிக்கிழமை வாறம் எண்டவங்கள். ஆரும் வீட்டிலை நிண்டால்தானே நல்லம். நீர் நில்லும், நான் போயிட்டு மூண்டு நாளிலை வாறன் எண்டன். போக முதல் பனியெல்லாம் வழிச்சுப்போட்டுத்தான் போனனான். முன்வாசல், படி, கார்ப் பாதை, ஒரு துகள் விடேல்லை. ஊராக்கள் ஆரும் திடீரெண்டு வந்தாலும் வீடு வீடு மாதிரி இருக்கவேணும்.

லொறி வந்திருக்கு. வந்தவனுக்குத் தென்கிழக்கு மூலைக்குப் போக வழி இல்லை. இடுப்பளவு பனி. அவன் கையை விரிச்சிருக்கிறான். இவ வெளியிலை வந்து, கொஞ்சம் நில்லுங்கோ நான் வழிச்சுத் தாறன் எண்டு சொல்லிப்போட்டுப் பனி அள்ளுற சவளை எடுத்திருக்கிறா. அந்தக் கையோடை. அவன் எவ்வளவு நேரம் நிப்பான், அவனுக்கு வேறை இருபது வீடு. கதவிலை ஒரு அட்டையைக் கொழுவிப்போட்டுப் போட்டான். திங்கள் வாறானாம்.

எனக்கு ஏழுதரம் போன் எடுத்திருக்கிறா. நான் மேடையிலை. மேடையிலை நிக்கிறவன் போனை அமத்தி வைக்கத்தானே வேணும். பத்து நிமிசம் எண்டது அரை மணித்தியாலம் போச்சுது, சனம் அவ்வளவு கேள்வி கேட்டுது. தோசைப் பகிடியும் சொன்னனான். பிறகு சாப்பாடு. எல்லாம் முடிஞ்சு எடுத்தால், காஸ் முடிஞ்சுபோச்சு, வீடு எட்டுப் பாகையிலை நிக்குது எண்டு சொல்லுறா. கம்பளி ரெண்டைப் போத்துக்கொண்டு படும், நாளைக்கு நான் கொம்பனியோடை கதைக்கிறன் எண்டன். "சரி" எண்டா. அவ்வளவுதான். கோவிச்ச குரலே இல்லை. அழுதாவோ, ஏசினாவோ, ஒண்டும் இல்லை.

அடுத்தநாள் காலமை வதனியும் தவநேசனும் காரைக் கொண்டுபோய் இவவைத் தங்கடை வீட்டுக்கு ஏத்திக்கொண்டு வந்திட்டினம். என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை தம்பி. நான் அதே ஸ்காபறோவிலை, கூப்பிடு தூரத்திலை நிக்கிறன். ஒரு குடும்பத்திலை ஒரு முடிவு எடுக்கிறதெண்டால் மற்ற ஆளை ஒரு சொல்லுக் கேக்கிறதில்லையோ? இதுதான் எனக்கு இண்டைவரைக்கும் ஆறேல்லை. போனதைக்கூட விடும். கேக்கேல்லை பாரும், அதுதான்.

நான் போய்ப் பாத்தன். போற வழியிலை கார் வழுக்கி மதகுக்குள்ளை இறங்கிப் போட்டுது, அது றோட்டிலை உப்புப் போடாதவங்கடை பிழை. அதாலைதான் இப்ப பஸ். வீட்டுக்குள்ளை மூச்சு விட்டால் புகை வருது. பின்பக்கம் போனால், முன்படியிலையிருந்து தாங்கி மட்டும் வழி வெட்டிக் கிடக்கு. நேர்கோடாய். ஒரு ஆள் தாராளமாய் நடக்கலாம், ரெண்டு கரையும் சுவர் மாதிரி. நான் வழிச்சாலும் அவ்வளவு வடிவாய் வராது. லொறி போனாப் பிறகும் விடாமல் கடைசிவரைக்கும் வெட்டியிருக்கிறா. லொறி போனாப் பிறகு அதை வெட்டி என்ன பிரியோசனம்? முடிவிலை சவளைத் தாங்கியோடை சாத்தி வைச்சிருந்தா. நான் அதிலை கனநேரம் நிண்டன். ஏன் நிண்டன் எண்டு தெரியாது, சரியான குளிர்.

திங்கள் லொறிக்காரன் வந்து அந்த வழியாலை போய் நிரப்பிப்போட்டு, நல்லா வழிச்சிருக்கிறீர் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுப் போனான். நானும் தலையாட்டினன்.

இப்ப வீடு நல்ல சூடு. நாலு கிழமை. புரொப்பேனிலை ஒரு குறையும் சொல்லேலாது. பின்னேரத்திலை விறாந்தை நெருப்பைப் போட்டுக்கொண்டு முன்னாலை இருப்பன். பாக்க வடிவாய்த்தான் இருக்கும். பேந்து நூத்துப்போட்டுப் போய்ப் படுப்பன். உண்மையைச் சொன்னால் தம்பி, தனிய இருந்து பாக்க ஒரு மாதிரித்தான் இருக்கு. தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள்ளை போனால், இருட்டு. நீர் லைற்றைப் போட்டாலும் இருட்டு. அங்கை நிண்டு ஒரு நாளைக்கு மூண்டு நேரம் சமைச்ச மனுசி ஒருநாளும் அதைச் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் இன்னொரு லைற் பூட்டியிருப்பன்.

வதனி வீடு ஒரு பழைய மாடிக் கட்டடத்திலை எட்டாம் மாடி. முந்தின ஞாயிற்றுக்கிழமை போனனான். அந்தக் கட்டடத்திலை சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூட ஏலாது, காவலாளி நினைச்சபடி விடுறான். உள்ளுக்கு அடுப்படி மாதிரி வெக்கை. மாசி மாசம் யன்னலைத் திறந்து வைச்சிருக்கினம். திறந்து. வீதியைச் சூடாக்கிறதுக்கோ எண்டு நான் கேட்டன். நகுலா அந்த யன்னலடியிலை கீரை ஆய்ஞ்சுகொண்டு இருந்தா. வெறுங்கால். நான் அவவின்ரை காலை அவ்வளவு காலம் பாக்கேல்லைப் போலை, ஆரின்ரையோ கால் மாதிரிக் கிடந்தது. தேத்தண்ணி தந்தா. சீனி போடாமல் தந்தா, எனக்குச் சீனி கூடாது எண்டு ஞாபகம் வைச்சிருக்கிறா பாரும். வதனி ஏதோ சொல்ல வாய்விட்டுச் சிரிச்சா. பகிடி விளங்காத மனுசி.

எப்ப வாறீர் எண்டு கேட்டன். "பாப்பம்" எண்டா. நான் சொன்னன், தாங்கி நிரப்பியாச்சு, இனிக் கொம்பனிக்காரர் தாங்களா வருவினம், அந்தத் திட்டத்திலை சேந்திட்டன், முள்ளு பாக்கவும் பழக்கிறன் எண்டு. அவ ஆய்ஞ்ச கீரையை அள்ளிச் சட்டியிலை போட்டா. அந்த நிலத்தைக்கூட விசாரிச்சனான். பிறையனுக்குப் போன் எடுத்துக் கேட்டன், இனி ஏதும் செய்யலாமோ எண்டு. முழுக்க உடைச்சுக் கிண்டினால் செய்யலாமாம். அதை நான் அவவுக்குச் சொல்லேல்லை. சொல்லுற மாதிரி வாய்க்கேல்லை, வதனி பக்கத்திலை நிண்டாள்.

ஆ, ஸ்காபறோ வந்திட்டுது. உந்தப் பெட்டியை ஒருக்கா மேலையிருந்து இறக்கித் தாரும், பாரமில்லை. அவவின்ரை உடுப்பு. நேற்று தானா போன் எடுத்தவ, நாலு கிழமைக்குப் பிறகு முதல்தரம் தானா எடுத்தவ. அலுமாரியிலை மேல்தட்டிலை கிடக்கிற பருத்திச் சட்டையள், கையில்லாதது, அந்த மெல்லிசுச் சேலையள், கோடைக்குப் போடுற செருப்பு, எல்லாத்தையும் கொண்டுவந்து தாங்கோ எண்டா. நான் ஒண்டும் விடாமல் மடிச்சு வைச்சிருக்கிறன். எனக்கு மடிக்கத் தெரியும் எண்டு எனக்கே தெரியாது.

போறதுக்கு ஒரு ரிக்கற்றும் வாறதுக்கு ரெண்டு ரிக்கற்றும் எடுத்து வைச்சிருக்கிறன். ஐஞ்சு மணி பஸ். ரெண்டு சீற்றும் பக்கத்திலை பக்கத்திலை, யன்னல் பக்கம் அவவுக்கு. அந்தச் சூட்டுக்குள்ளை கிடக்கிறவவுக்கு மெல்லிசு உடுப்பு வேணும்தானே, வேறை என்ன. ஆனாலும் பாரும், கோடை வர இன்னும் நாலு மாசம் கிடக்கு. செருப்பை ஏன் கேட்டவ, வெளியிலை முழங்கால் பனி. நானும் வழி முழுக்க யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான், பிடிபடேல்லை.

உமக்கு விளங்கியிருக்கும் போலை, முகத்திலை தெரியுது. சொல்லாதையும் தம்பி. நான் இதிலைதான் இறங்கவேணும்.